கொல்லிமலையில் ஓர் அப்பா, ஒரு பாட்டி, ஒரு டாக்டர்... மூன்று விதப் புத்தகங்கள் சொல்லித்தரும் விசுவாசப் பாடம்!

கொல்லிமலை என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது 70 கொண்டை ஊசி வளைவுகள். அடுத்து ஆகாய கங்கை அருவி, அறப்பளீஸ்வரர் கோயில், வல்வில் ஓரி. மிளகும் அன்னாசியும் வாங்காமல் யாரும் இறங்குவதில்லை. ஆனால், இந்த மலையிலிருந்து உலகமெங்கும் போய்ச் சேர்ந்த சரக்கு இன்னொன்றும் உண்டு. அது புத்தகம்!

வாழவந்தி என்ற மலைக்கிராமத்தில் நூறு ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த ஒரு குடும்பத்தின் கதை, வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு வடிவங்களில் புத்தகமாகியிருக்கிறது. அப்பா ஜெசி பிராண்ட், அம்மா ஈவ்லின் பிராண்ட், மகன் டாக்டர் பால் பிராண்ட். அவர்களைப் பற்றி எழுதப்பட்ட வாழ்க்கை வரலாறுகள் இருக்கின்றன. அந்தக் காலத்து மலையையும் நோயையும் பற்றிய வரலாறு இருக்கிறது. மகன் தன் அனுபவத்திலிருந்து எழுதிய தியான நூல்களும் இருக்கின்றன.

கிறிஸ்தவக் குடும்பங்களின் புத்தக அலமாரியில் வழக்கமாக இருப்பவையும் இந்த மூன்று வகைகள்தான். 'வேதாகமம் இருக்கும்போது இவையெல்லாம் எதற்கு?' என்று கேட்பவர்கள் உண்டு. 'தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் ஒரு வசனம் வந்துவிடுகிறதே, அது போதாதா?' என்பவர்களும் உண்டு. இந்த ஒரு குடும்பத்தின் கதையைப் பார்த்தால் இரண்டு கேள்விகளுக்கும் பதில் கிடைத்துவிடும்.

பாதியில் நின்றிருந்தால் தோல்விக் கதை!

லண்டனில் வசதியான வணிகர் வீட்டில் 1879-ல் பிறந்தவர் ஈவ்லின். ஓவியம் வரைவதில் ஆர்வம் கொண்டவர். மிஷனரியாக இந்தியாவுக்கு வந்தவர், தன்னைவிட ஆறு வயது இளையவரான ஜெசியை 1913-ல் சேந்தமங்கலத்தில் திருமணம் செய்துகொண்டார். திருமணம் முடிந்த கையோடு மலையேற்றம். இன்றைய கொண்டை ஊசிச் சாலையெல்லாம் அப்போது இல்லை. நடைபாதைதான். நடக்க முடியாத இடத்தில் டோலி. மேலே காத்திருந்தது ஜெசி கட்டியிருந்த சிறிய மரவீடு.

ஜெசி முறையாகப் படித்த டாக்டர் இல்லை. லண்டன் லிவிங்ஸ்டன் கல்லூரியில் மிஷனரிகளுக்காக நடந்த அடிப்படை மருத்துவப் பயிற்சியை முடித்தவர். அதை வைத்துக்கொண்டு மலைக்கிராமங்களில் புண்ணுக்கு மருந்து போட்டார், பல் பிடுங்கினார், காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார். பிள்ளைகளுக்குப் படிப்பும் தச்சு வேலையும் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். ஆனால், ஊழியம் என்ற கணக்கில் பார்த்தால் ஆரம்ப ஆண்டுகளில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் நடக்கவில்லை. வைத்தியத்துக்கு வந்தவர்கள் சபைக்கு வரவில்லை. அவர்களின் வருகையை ஊர்ப் பூசாரி ஒருவர் எதிர்த்தும் வந்தார்.

பிறகு மலையில் கொள்ளைக்காய்ச்சல் பரவியது. அந்தப் பூசாரியும் படுத்துவிட்டார். ஜெசியும் ஈவ்லினும் அவர் வீட்டுக்குப் போய்க் கவனித்துக்கொண்டார்கள். இறக்கும் தறுவாயில், தன் பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பை அவர் ஒப்படைத்தது, அதுவரை எதிர்த்து வந்த அந்தத் தம்பதியிடம்தான். சரிதைகளில் பலரும் மறக்காத பக்கம் இது.

ஆனால், அதன் பிறகு எல்லாம் சுபம் என்று கதை முடியவில்லை. 1923-ல் ஒன்பது வயது பாலையும், அவர் தங்கை கோனியையும் படிப்புக்காக இங்கிலாந்தில் விட்டுவிட்டுப் பெற்றோர் மலைக்குத் திரும்பினார்கள். 1929 ஜூன் 15 அன்று ஜெசி இறந்துபோனார். மலேரியா முற்றி, சிறுநீர் கறுத்துப்போகும் கொடிய காய்ச்சல். வயது 44. மறு ஆண்டு விடுமுறையில் ஊருக்குப் போய்ப் பிள்ளைகளைப் பார்க்கலாம் என்றிருந்த நேரம் அது.

லண்டனில் இருந்த மகனுக்குத் தந்தி முதலில் வந்தது. அப்பா உயிரோடு இருந்தபோது எழுதி அனுப்பிய கடிதங்கள் கப்பலில் மெதுவாக, அதற்குப் பிறகு வந்து சேர்ந்தன. மலையின் மரங்களையும் காட்டையும் ரசித்து, இவ்வளவு அழகான உலகத்தைக் கொடுத்த கடவுளை மகிழ்ச்சியோடு நினைத்து எழுதிய கடிதங்கள். எழுதியவர் அப்போது உயிரோடு இல்லை.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்தால் என்ன மிஞ்சும்? மலையில் ஒரு கல்லறை, ஒரு விதவை, தகப்பனில்லாத இரண்டு பிள்ளைகள். ஜெபித்ததற்கு இதுதானா பலன் என்று கேட்கத் தோன்றும். அப்படிக் கேட்பதில் தவறும் இல்லை.

வாழ்க்கை வரலாறு தரும் முதல் பலன் இதுதான். அது வாசகரைப் பாதியில் இறக்கிவிடாது. தன் சொந்த வாழ்க்கையில் எந்த விசுவாசியும் நடுப்பக்கத்தில்தான் நிற்கிறார். கடைசிப் பக்கம் அவருக்குத் தெரியாது. வேலை போன மாதத்தில், மருத்துவமனை வராந்தாவில், பிள்ளை பேசாமல் இருக்கும் நாட்களில் அந்த நடுப்பக்கமே முடிவு போலத் தெரிகிறது. இன்னொருவரின் வாழ்க்கையை முழு நீளத்துக்கும் படித்தவருக்கு ஒன்று மட்டும் பிடிபடும். நடுப்பக்கம் வேறு, முடிவு வேறு!

68 வயதில் ஒரு 'ராஜினாமா'!

ஈவ்லின் திரும்பிப் போய்விடவில்லை. மிஷன் அவரைச் சமவெளியில் வேறு ஊர்களில் பணியாற்ற வைத்தது. ஆனால் கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் மலை உள்ளிட்ட ஐந்து மலைத்தொடர்களுக்கும் போக வேண்டும் என்பது அவரும் ஜெசியும் சேர்ந்து கண்ட கனவு. அது பாதியில் நின்றிருந்தது.

1947-ல் அவருக்கு 68 வயது. ஓய்வு பெறச் சொன்னது மிஷன். அவரும் ஓய்வு பெற்றார், மிஷன் வேலையிலிருந்து மட்டும்! பிரிவுபசார விழா முடிந்ததும் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறாமல், சொந்தப் பொறுப்பில் மறுபடியும் மலையேறினார். மட்டக்குதிரை ஒன்றில் ஏறிக் கிராமம் கிராமமாகப் போனார். குதிரையிலிருந்து விழுந்தார், எலும்பு முறிந்தது, காய்ச்சல்கள் வந்தன. இரண்டு கைகளிலும் மூங்கில் கம்பு ஊன்றி நடந்தார்.

75 வயதில் இடுப்பு எலும்பு முறிந்து இரவெல்லாம் தரையில் கிடந்த அவரைக் காலையில் வந்தவர்கள் கட்டிலில் வைத்துச் சுமந்து மலையிறக்கினார்கள். மகன் பால் அப்போது வேலூரில் புகழ்பெற்ற அறுவை சிகிச்சை நிபுணர். 'இனிமேல் போதும், எங்களோடு வந்து இருங்கள்' என்று மன்றாடிப் பார்த்தார். அம்மா கேட்கவில்லை. யாருக்கும் பயன்படாமல் பத்திரப்படுத்தி வைக்க இந்த உடம்பு எதற்கு என்பது அவர் வாதம். முகம் சுருங்கிப் போனதைப் பார்க்க அவருக்கு நேரமில்லை. கடைசி இருபது ஆண்டுகள் வீட்டில் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை.

1974 டிசம்பரில், 95-வது வயதில் அவர் இறந்தார். பெட்டி வேண்டாம், ஒரு துணியில் சுற்றிப் புதைத்தால் போதும், உடம்பு மண்ணோடு மண்ணாகட்டும் என்பது அவர் விருப்பம். வாழவந்தியில் கணவரின் கல்லறைக்குப் பக்கத்திலேயே அடக்கம் நடந்தது. அமெரிக்க எழுத்தாளர் டோரதி கிளார்க் வில்சன் 1976-ல் அவரது சரிதையை எழுதி வெளியிட்டார். புத்தகத்தின் பெயரே 'பிராண்ட் பாட்டி' என்ற பொருளில்தான் இருக்கும்.

நல்ல சரிதை ஒருவரின் பிடிவாதத்தையும் மறைக்காது. ஈவ்லின் எளிதில் வளைந்து கொடுக்கும் மனுஷி அல்ல. கூட வேலை செய்தவர்களுக்கு அது சிரமமாகவும் இருந்திருக்கும். ஆனால், அந்தப் பிடிவாதம் இல்லையென்றால் மலையும் இல்லை. வேதாகமமும் இதைத்தானே செய்கிறது? தாவீதின் வெற்றியைச் சொன்ன கையோடு அவன் செய்த பாவத்தையும் எழுதி வைத்திருக்கிறது. குறையே இல்லாத மனிதர்களைப் படிக்கும்போது 'நமக்கு இதெல்லாம் ஆகாது' என்ற சோர்வுதான் மிஞ்சும். குறையோடு பயன்பட்டவர்களைப் படிக்கும்போது துணிச்சல் வரும்.

வரலாறு எதற்கு?

சரிதையில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. ஒரே ஒருவர் மேல் வெளிச்சம் விழும்போது சுற்றியிருப்பவர்கள் இருட்டில் போய்விடுவார்கள். அங்கேதான் வரலாற்றுப் புத்தகம் கைகொடுக்கிறது.

உதாரணமாக, நரம்புச் சிலந்தி. படிக்கட்டுக் கிணற்றிலும் குட்டையிலும் இறங்கித் தண்ணீர் எடுத்துக் குடித்த மலைமக்களின் காலில் புண்ணாகி, உள்ளிருந்து நூல் போல நீளமான புழு வெளியே வரும். சட்டென்று இழுத்தால் அறுந்துபோய்ச் சீழ் வைக்கும். அதனால் ஒரு குச்சியில் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாக இழுப்பார்கள். ஜெசி இந்தப் புழுக்களை எடுத்ததோடு நிற்கவில்லை. தண்ணீரில் கால் வைக்காதபடி கிணற்றுக்குச் சுவர் எழுப்பி, கயிற்றில் வாளி கட்டி இறைக்கச் சொன்னார். கணவருக்குப் பிறகு பாட்டியும் ஊர் ஊராக அதையே சொன்னார்.

சரிதையை மட்டும் படித்தவர், நோயை விரட்டியது இந்த இருவர்தான் என்று நினைத்துக்கொள்வார். வரலாற்றையும் சேர்த்துப் படித்தவருக்குப் படம் பெரிதாகும். இந்தியாவில் கடைசி நரம்புச் சிலந்தி நோயாளி கண்டறியப்பட்டது 1996-ல். இந்நோய் ஒழிந்த நாடாக உலக சுகாதார நிறுவனம் இந்தியாவுக்குச் சான்றளித்தது 2000-ல். இடையில் கிணறு வெட்டியவர்கள், தண்ணீரை வடிகட்டச் சொல்லி வீடு வீடாகப் போன அரசு சுகாதாரப் பணியாளர்கள், பழக்கத்தை மாற்றிக்கொண்ட கிராமத்துப் பெண்கள் என்று பெயர் தெரியாத ஒரு பெரிய கூட்டமே இருக்கிறது. பிராண்ட் தம்பதியின் உழைப்பு இதனால் சிறுத்துப் போகவில்லை. அது எந்தப் பெரிய வேலையின் தொடக்கப் பகுதி என்பது தெரிகிறது.

இன்னும் சில கேள்விகளையும் வரலாறு எழுப்பும். டோலி தூக்கியவர்களின் பெயர் என்ன? பாட்டியைக் கட்டிலில் சுமந்து இறக்கியவர்கள் யார்? அந்தப் பூசாரியின் பக்கம் நின்று பார்த்தால் எப்படி இருந்திருக்கும்? அந்நிய ஆட்சி நடந்த நாட்டில், அதே அந்நியர்கள் வந்து தன் மக்களின் வழிபாட்டை மாற்றிவிடுவார்களோ என்ற அவர் பயத்தில் நியாயம் இல்லையா? ஒன்பது வயதுப் பிள்ளையைக் கடல் கடந்து விட்டுவிட்டு வந்தது சரிதானா? காய்ச்சலுக்கும் பள்ளிக்கூடம் இல்லாததற்கும் பயந்து அந்தக் காலத்து மிஷனரிக் குடும்பங்கள் பலவும் அப்படித்தான் செய்தன என்று வரலாறு காரணம் சொல்லும். ஆனால், காரணம் தெரிந்துவிட்டதால் அந்த வலி இல்லாமல் போய்விடாது. அந்தப் பிரிவு ஈவ்லினை உள்ளுக்குள் எவ்வளவு உடைத்தது என்பதைச் சரிதையும் மறைக்கவில்லை.

இப்படிக் கேள்வி கேட்பது அவிசுவாசம் ஆகாது. ஊழியக்காரரைச் சிலையாக்கி வணங்கும் சோதனையிலிருந்து ஒரு கிறிஸ்தவரைக் காப்பாற்றும் மருந்து அது.

வலிக்கு நன்றி சொன்ன டாக்டர்

1914-ல் பிறந்து மலையில் வளர்ந்த பால், லண்டனில் முதலில் படித்தது கட்டட வேலை. தச்சும் கொத்தும் கற்றுக்கொண்ட பிறகுதான் மருத்துவத்துக்குப் போனார். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன கைகளை, தசைநாரை மாற்றிப் பொருத்தி மறுபடியும் இயங்க வைத்த முன்னோடிகளில் ஒருவர் ஆனார்.

தொழுநோய் வந்தால் விரல் தானாக அழுகி விழும் என்றே அந்நாளில் பலரும் நம்பினார்கள். பாலும் அவர் குழுவினரும் வேறொன்றைக் கண்டார்கள். நோய் நரம்பைப் பாதிப்பதால் வலி தெரிவதில்லை. வலி தெரியாததால் சுடுவதும் வெட்டுவதும் தெரிவதில்லை. சிகிச்சை முடிந்த சிலருக்கு இரவோடு இரவாக விரல் நுனி காணாமல் போனது. கண்விழித்துக் காவல் இருந்து பார்த்தபோதுதான், தூங்குபவரின் விரலை எலி கடிப்பது தெரிந்தது. வலி இல்லாததால் அவர் எழுந்திருக்கவே இல்லை! அதற்குப் பிறகு, வீட்டுக்குப் போகும் நோயாளிகளிடம் ஒரு பூனையையும் கொடுத்தனுப்பினார்கள்.

ஒருமுறை நெடும்பயணத்துக்குப் பின் லண்டன் விடுதி அறையில் காலுறையைக் கழற்றியபோது, பாலுக்கே குதிகாலில் உணர்ச்சி இல்லை. ஊசியால் குத்தினார், வலிக்கவில்லை. தனக்கும் தொழுநோய் வந்துவிட்டது என்றே நினைத்து இரவு முழுவதும் தூங்கவில்லை. மனைவி, பிள்ளைகள், வேலை எல்லாம் கண்முன் வந்து போயின. காலையில் மறுபடியும் குத்தினார். சுரீர் என்று வலித்தது! ரயிலில் ஒரே நிலையில் உட்கார்ந்து வந்ததால் நரம்பு மரத்துப் போயிருந்தது, அவ்வளவுதான். அன்று முதல் வலிக்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லத் தொடங்கியதாக அவர் எழுதியிருக்கிறார்.

பிலிப் யான்சியோடு சேர்ந்து அவர் 1980-லும் 1984-லும் வெளியிட்ட தியான நூல்கள் இந்த அனுபவங்களிலிருந்து பிறந்தவை. சபை கிறிஸ்துவின் சரீரம் என்று பிரசங்கத்தில் கேட்டுக் கேட்டுப் பழகிப்போன உவமையை, எலும்பு, தோல், நரம்பு என்று ஒரு டாக்டர் பிரித்துக் காட்டும்போது அது புதிதாகக் கேட்கிறது. ஓர் உறுப்பின் வலி இன்னோர் உறுப்புக்குத் தெரியாமல் போனால் உடம்பு சிதைந்துவிடும். சபையில் ஒருவரின் வலி மற்றவர்களுக்கு எட்டாமல் போனால் நடப்பதும் அதேதான்.

'வலிக்கு நன்றி சொல்லுங்கள்' என்று காலையில் வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தால், வலியில் இருப்பவருக்குக் கோபம்தான் வரும். அதே வரியை, வலியை இழந்த ஆயிரக்கணக்கான கைகளைத் தொட்டுப் பார்த்த ஒருவர் இருநூறு பக்கம் நடத்திக்கொண்டு போய்ச் சொன்னால் மனது ஏற்கிறது. தியான நூலின் பலம், சொல்லும் கருத்தில் மட்டும் இல்லை. அந்தக் கருத்துக்கு எழுதியவர் கொடுத்த விலையிலும் இருக்கிறது. கீழே விழுந்து காயப்பட்டு, கடைசி இருபது ஆண்டுகள் பெரும்பாலும் அறைக்குள்ளேயே முடங்கிக் கிடந்த டோனாவூர் ஏமி கார்மைக்கேலின் எழுத்து, படுக்கையில் கிடப்பவர்களிடம் இன்றும் பேசுவது அதனால்தான்.

ஒரு கைப்பிடிச் சேறு

பால் பிராண்ட் எழுதியவற்றில் கொல்லிமலைக்காரர்கள் பெருமைப்படக்கூடிய ஒரு சிறிய கட்டுரை உண்டு. சிறுவனாக இருந்தபோது மலைப் பிள்ளைகளோடு சேர்ந்து நெல்வயலில் தவளை பிடித்துக்கொண்டிருந்தாராம். சேறு கலங்கி, தண்ணீரோடு அடுத்த படிவயலுக்கு இறங்கியது. ஒரு பெரியவர் வந்து ஒரு கைப்பிடி சேற்றை அள்ளிக் காட்டினார். இந்தச் சேறுதான் தலைமுறை தலைமுறையாகச் சோறு போடுகிறது, தண்ணீர் தெளிவாக இறங்கும்வரை வயலுக்கு ஆபத்தில்லை, கலங்கலாக இறங்கினால் மண்ணோடு வாழ்வும் போய்விடும் என்ற பொருளில் பிள்ளைகளுக்குப் புரிய வைத்தார்.

உலகம் சுற்றிய டாக்டர், வயதான காலத்தில் மண்ணரிப்பைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது நினைவுக்கு வந்தது அந்தத் தாத்தாவின் சேறுதான். மிஷனரிகள் மலைக்குக் கற்றுக்கொடுக்க வந்தார்கள் என்பது சரிதை. மிஷனரியின் பிள்ளை மலையிடமிருந்து கற்றுக்கொண்டு போனான் என்பது வரலாறு. பூமியைப் பேணுவதும் பக்தியின் ஒரு பகுதி என்பது தியானம். மூன்றும் ஒரே கைப்பிடிக்குள் அடங்கிவிட்டன.

தமிழருக்கு இது புதிதல்ல

கிறிஸ்தவ வாசிப்பு என்பது தமிழில் நேற்று முளைத்ததில்லை. 1578-ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கமே கொண்ட மறைக்கல்வி நூல். அதே அண்டிரிக் அடிகளார் 1586-ல் அச்சிட்ட 'அடியார் வரலாறு' முழுக்க முழுக்கப் புனிதர்களின் வாழ்க்கைக் கதைகள். தமிழ் அச்சு தொடங்கிய சில ஆண்டுகளுக்குள்ளேயே, முத்துக்குளித்துறை மக்களின் கையில் ஒரு சரிதைத் தொகுப்பைக் கொடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. கட்டளைகளைச் சொன்னால் மட்டும் போதாது, அவற்றின்படி வாழ்ந்தவர்களைக் காட்ட வேண்டும் என்பது புரிந்த மனிதர்!

வேதாகமத்துக்குப் போட்டியாக இந்தப் புத்தகங்கள் வருகின்றன என்ற பயத்துக்கு வேதாகமத்திலேயே பதில் உண்டு. எபிரெயர் நிருபத்தின் 11-ம் அதிகாரம் கிட்டத்தட்ட ஒரு சரிதைத் தொகுப்பு. ஆபேல், நோவா, ஆபிரகாம், மோசே, ராகாப் என்று பெயர் பெயராகச் சொல்லிக்கொண்டே போகிறது. கடைசியில், வாக்குப்பண்ணப்பட்டதை அடையாமலேயே இவர்கள் இறந்தார்கள் என்றும் மறைக்காமல் சொல்கிறது.

ஜெசி பிராண்டும் அந்த வரிசைக்குப் பொருத்தமானவர்தான். மகன் டாக்டரானதை அவர் பார்க்கவில்லை. ஆயிரக்கணக்கான கைகள் நிமிர்ந்ததைப் பார்க்கவில்லை. நரம்புச் சிலந்தி நாட்டை விட்டே போனதைப் பார்க்கவில்லை. மனைவி தனியாக மறுபடியும் மலையேறியதையும் பார்க்கவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் அன்றன்றைக்கு வாசலில் வந்து நின்ற நோயாளியும், கிணற்றுக்குக் கட்ட வேண்டிய சுவரும்தான்.

அவர் பார்க்காத பக்கங்களை இன்று ஒரு வாசகர் மொபைலில் விரலைத் தள்ளித் தள்ளிப் படித்துவிட முடிகிறது. தன் வேலைக்குப் பலன் தெரியவில்லையே என்று சோர்ந்திருக்கும் ஒரு ஞாயிறுபள்ளி ஆசிரியைக்கு, படுத்த படுக்கையான மாமியாரைக் கவனித்துக்கொள்ளும் ஒரு மருமகளுக்கு, ஓய்வு பெற்ற மறுநாள் என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு தாத்தாவுக்கு அந்தப் பக்கங்கள் ஒன்றைத்தான் சொல்கின்றன: இன்றைக்கான சுவரை இன்றைக்குக் கட்டினால் போதும்.